வாசகர் கேள்வி – பதில்: ஒரே குறி, இரண்டு கூட்டம்

கேள்வி: ஐயா, ஆரையம்பதியில் பிறந்த நான் 14 வருடமாக நோர்வேயின் வடக்கே ஒரு சிறு ஊரில் மீன் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் தங்கள் எல்க் (பெரிய மான்) வேட்டைக் குழுவில் என்னையும் சேர்த்துக்கொண்டார். அதற்காகப் பழைய றைபிள் ஒன்று வாங்கினேன். மௌசர் 98 என்ற ஜெர்மன் மாதிரி, ரவையைத் தள்ளிப் பூட்டும் போல்ட், .30-06 அளவு ரவை (தோட்டா), வால்நட் மரக்கட்டை, மேலே குறிபார்க்கும் தொலைநோக்கி (ஸ்கோப்). 100 மீட்டரில் 5 வெடி வைத்தால் 3 நடுவில் விழுகின்றன, 2 ஒரு சாண் தள்ளி மேலே வலப்பக்கம் போய்விடுகின்றன. வேட்டைக்கான துவக்குச் சூட்டுப் பரீட்சையில் தோற்றுப்போனேன். குழல் தேய்ந்துவிட்டது, புதுசு போடுங்கள் என்று கடைக்காரர் சொல்கிறார். போடவா? குறித்தாளின் படத்தையும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: தம்பி, குழலை மாற்ற வேண்டாம். இப்போதைக்கு ஒரு குரோனர்கூடச் செலவழிக்க வேண்டாம். நீங்கள் அனுப்பிய தாளே பாதிப் பதிலைச் சொல்லிவிட்டது.

ஒவ்வொரு துளைக்கும் பக்கத்தில் பென்சிலால் இலக்கம் போட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் நன்றி. நான் 26 வருடம் நோர்வேயில் ஒரு துவக்குத் திருத்தும் பட்டறையில் இருந்தேன். குறித்தாளோடு வந்தவர்களே குறைவு, இலக்கம் போட்ட தாளோடு வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். உங்கள் தாளில் 1, 3, 4 மூன்றும் நடுவில் நிற்கின்றன. ஒரு நெருப்புப்பெட்டியால் மூடிவிடலாம். 2, 5 இரண்டும் மேலே வலப்பக்கம், அவையும் ஒன்றையொன்று ஒட்டியபடி.

தேய்ந்த குழல் இப்படிச் செய்யாது. குழலுக்குள் சுருளாக வெட்டிய புரி தேய்ந்தால் சன்னம் (குண்டு) எல்லாப் பக்கமும் சிதறும், மூன்றை மட்டும் ஒழுங்காக வைத்துவிட்டு இரண்டை மட்டும் கெடுக்காது. குழல் சூடாகி வளைகிறது என்றும் சொல்ல முடியாது. சூடென்றால் 1, 2 ஓரிடத்தில் இருக்கும், 3, 4, 5 படிப்படியாக நகர்ந்துகொண்டே போகும். உங்களுடையது போகிறது, திரும்பி வருகிறது, மறுபடியும் போகிறது. ஏதோ ஒன்றுக்கு உட்கார இரண்டு இடம் இருக்கிறது. சில உதைக்கு அது ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறுகிறது.

எது அது? தூரத்தைப் பாருங்கள். ஒரு சாண் என்றால் ஏறக்குறைய 22 செ.மீ. மரக்கட்டை குழலைத் தள்ளினால் வழக்கமாக அஞ்சு, ஆறு செ.மீ. போகும், இவ்வளவு போவது அபூர்வம். என் சந்தேகமெல்லாம் ஸ்கோப் பூட்டியிருக்கும் இடத்தில்தான். கணக்கும் அப்படித்தான் வருகிறது. ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு வளையங்களுக்கும் இடையில் 13 செ.மீ. இருக்கும் என்று வைப்போம். அதில் ஒன்று 0.3 மி.மீ. அசைந்தாலே 100 மீட்டரில் சன்னம் 23 செ.மீ. தள்ளிப் போய்விடும். 0.3 மி.மீ. என்பது ஒரு விசிட்டிங் கார்ட்டின் தடிப்பு. கையால் ஆட்டிப் பார்த்தால் தெரியாது.

உங்கள் றைபிளின் பிறப்பும் இதற்குப் பொருந்துகிறது. 1945இல் ஜெர்மன் படை சரணடைந்தபோது நோர்வேயில் ஏராளமான மௌசர் 98கே துவக்குகளை விட்டுவிட்டுப் போனது. நோர்வே இராணுவம் அவற்றில் பலவற்றை .30-06 ரவைக்கு மாற்றிப் பாவித்தது. பிறகு அவை வேட்டைக்காரர் கைக்கு வந்தன. உங்களுடையதும் அந்த வழியில் வந்ததாகத்தான் இருக்க வேண்டும். இராணுவத் துவக்குக்குச் சாதாரணமாக ஸ்கோப் கிடையாது, அதற்கான ஓட்டையும் கிடையாது. அந்த ஓட்டைகளைப் பிற்காலத்தில் யாரோ ஒருவர் தன் பட்டறையில் போட்டிருப்பார். நல்ல கையாகவும் இருக்கலாம், அவசரக் கையாகவும் இருக்கலாம்.

இப்படி ஒன்று என் மேசைக்கு வந்தது. எழுபது வயதுப் பெரியவர். அதே மௌசர், அதே குறை. இரண்டு வேட்டைக்காலம் அந்தத் துவக்கைச் சுவரில் மாட்டி வைத்துவிட்டாராம். ஸ்கோப்பைக் கழற்றி, அதன் அடித்தட்டின் நான்கு திருகாணிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து வெள்ளைத் துணியில் வரிசையாக வைத்தேன். எல்லாமே இறுக்கமாகத்தான் இருந்தன, கழற்றும்போது கை வலித்தது. விளக்கின் கீழே பார்த்தால் முன்னால் இருந்த ஆணியின் நுனி மட்டும் கண்ணாடிபோல் மினுங்கியது. மற்ற மூன்றும் கறுப்பு. ஓட்டையின் ஆழம் ஆணிக்குப் போதவில்லை. நுனி ஓட்டையின் அடியில் முட்டி நின்றிருக்கிறது. ஆணி இறுகியது ஓட்டைக்குள், தட்டை அது பிடிக்கவே இல்லை. அந்த நுனியை அரத்தில் ஒரு மி.மீ. தேய்த்துவிட்டுத் திரும்பப் பூட்டினேன். பெரியவர் அன்று பின்னேரமே 5 வெடி வைத்தார். தாளைக் கொண்டு வந்து காட்டியபோது அவர் கை நடுங்கியது எனக்கு இன்னும் நினைவில் நிற்கிறது.

ஆகவே இதைச் செய்யுங்கள். முதலில் மகசினை வெறுமையாக்கி, போல்டைக் கழற்றி வெளியே வையுங்கள். மௌசரில் இடப்பக்கம் பின்னால் இருக்கும் சிறு பிடியை வெளியே இழுத்தபடி போல்டைப் பின்னுக்கு இழுத்தால் கையோடு வந்துவிடும். வெறும் துவக்கு என்று மனம் சொன்னாலும் விரலை விட்டுப் பாருங்கள். பிறகு ஸ்கோப்பையும் அடித்தட்டையும் கழற்றி, ஆணிகளை எந்த ஓட்டையிலிருந்து எடுத்தீர்களோ அந்த ஒழுங்கிலேயே வைத்து நுனிகளைப் பாருங்கள். மினுங்குகிறதா என்று பார்ப்பது ஒன்று. தட்டின் அடியில் முழுக்கப் பதிந்த அடையாளம் இருக்கிறதா, ஒரு மூலை மட்டும் உரசியிருக்கிறதா என்று பார்ப்பது இன்னொன்று. ஓட்டைகளிலும் ஆணிகளிலும் உள்ள எண்ணெயைச் ஸ்பிரிட்டால் துடையுங்கள். தட்டின் ஆணிகளுக்கு நீல நிற ஆணிப்பசை ஒரு சொட்டு விட்டு, இரண்டு அல்லது இரண்டரை நியூட்டன் மீட்டருக்கு இறுக்குங்கள். வளையங்களின் மேல் ஆணிகளுக்கு 2 போதும். பலம் இருக்கிறது என்று அதற்கு மேல் முறுக்கினால் ஸ்கோப்பின் உடல் நசுங்கி உள்ளே பூட்டியிருக்கும் கண்ணாடி அசையாமல் போய்விடும், அது வேறு ஒரு வியாதி. இறுக்கத்தை அளந்து காட்டும் டோர்க் ரென்ச் இல்லாவிட்டால் குழுவில் யாரிடமாவது இரவல் வாங்குங்கள். நோர்வேயில் வேட்டைக்குழு ஒன்றில் அது இல்லாமல் இருக்காது.

இதைச் செய்த பிறகும் துளைகள் இரண்டு கூட்டமாக விழுந்தால், பக்கத்து வீட்டுக்காரரின் நன்றாகச் சுடும் ஸ்கோப்பை ஒரு நாளைக்கு மாற்றிப் பூட்டிப் பாருங்கள். ஸ்கோப்பின் உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் வெளியே எந்த அடையாளமும் தெரியாது. மாற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஒன்றை மட்டும் மன்றாடிக் கேட்கிறேன். ஒரு நாளைக்கு ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். ஆணியை இறுக்கி, ரவையையும் மாற்றி, குழலையும் துப்புரவாக்கி ஒரே நாளில் சுட்டால் நல்லாகிவிடும், ஆனால் எதனால் நல்லாகியது என்று தெரியாது. அடுத்த வருடம் அதே குறை திரும்பி வரும்போது மறுபடியும் இருட்டில்தான் தேட வேண்டும். பட்டறையில் சேர்ந்த முதல் வருடம் நானே இப்படிச் செய்து, ஒருவருக்குத் தேவையில்லாத செலவை வைத்துவிட்டேன்.

மறுகா, அதாவது அடுத்ததாக, மரக்கட்டை. இப்போது அது குற்றவாளி இல்லை என்று நினைக்கிறேன், ஆனால் வால்நட் மரத்தை முழுக்க நம்பவும் மாட்டேன். நம் ஊரில் கார்த்திகை, மார்கழி மாரிக்கு வீட்டுக் கதவு ஊதி நிலையில் உரசுமே, காலால் தள்ளித் திறப்போமே, அதே வேலையைத்தான் இந்த மரமும் செய்யும். கோடையில் குழலைத் தொடாத முன்கட்டை செப்ரெம்பர் மழையில் ஒரு பக்கம் ஊதி குழலை நெருக்கும். ஒரு தாள் நோட்டை இரண்டாக மடித்து, குழலுக்கும் முன்கட்டைக்கும் இடையில் நுழைத்து, நுனியிலிருந்து பின்னுக்கு இழுத்துக்கொண்டு போங்கள். குழலின் பின்முனையைப் பிடித்திருக்கும் இரும்புப் பாகமான ரிசீவர் வரை தங்குதடையில்லாமல் போக வேண்டும். எங்கே சிக்குகிறதோ அங்கே மரம் தொடுகிறது. சில கட்டைகளை முன்நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டுச் செய்திருப்பார்கள், அது பழுதில்லை. பக்கவாட்டில் உரசுவதுதான் பழுது. அப்படி இருந்தால் அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, தேய்த்த இடத்துக்கு மறக்காமல் வார்னிஷ் அடியுங்கள். வெறும் மரத்தை விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் ஊதும்.

கீழே ரிசீவரைக் கட்டையோடு பிடிக்கும் இரண்டு பெரிய ஆணிகளையும் பாருங்கள். முன் ஆணி முதலில், பின் ஆணி அடுத்தது, மரக்கட்டைக்கு 4 முதல் 5 நியூட்டன் மீட்டர். முன் ஆணிக்குப் பக்கத்தில் உதையைத் தாங்கும் இரும்புப் பல் ஒன்று மரத்தில் பதிந்து நிற்கும். அதன் பின்பக்க மரம் நசுங்கியோ வெடித்தோ இருந்தால் ஒவ்வொரு வெடிக்கும் இரும்பு பின்னுக்கு வழுக்கும். அதற்கு எபொக்சி வைத்துப் புதிதாகப் படிய வைக்க வேண்டும். அதை நீங்களே செய்யாமல் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

குழல்வாய் விளிம்பையும் ஒரு தரம் பாருங்கள். சன்னம் கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. காது துடைக்கும் பஞ்சுக்குச்சியை உள்ளிருந்து வெளியே இழுத்து, விளிம்பைச் சுற்றி எட்டு இடத்தில் பாருங்கள். பஞ்சு நூல் எங்காவது சிக்கினால் அங்கே ஒரு பிசிறு இருக்கிறது. பழைய இராணுவத் துவக்குகளில் இது அதிகம். வாய்ப்பக்கத்திலிருந்து இரும்புக் கம்பி விட்டுத் துடைத்துத் துடைத்தே விளிம்பைத் தேய்த்திருப்பார்கள். போல்டைக் கழற்றினால் பின்னால் வழி இருக்கிறது, நீங்கள் எப்போதும் அந்தப் பக்கமிருந்தே துடையுங்கள். செப்புக் கரைப்பான் விட்டுப் பத்து நிமிடம் கழித்துத் துணி நீலமாக வந்தால் உள்ளே செப்புப் படிந்திருக்கிறது. நீலம் மங்கும் வரை தொடருங்கள். துப்புரவாக்கிய குழலில் முதல் ஒன்றிரண்டு வெடி வேறிடத்தில் விழும், அதை எண்ணிப் பயப்பட வேண்டாம்.

ரவை விடயம் சுருக்கமாக: ஒரே நிறையில் இரண்டு, மூன்று வகை வாங்கிச் சுட்டு, உங்கள் குழலுக்குப் பிடித்ததைக் கண்டுபிடித்து அதிலேயே நில்லுங்கள். ஏன் ஒரு குழலுக்கு ஒன்று பிடிக்கிறது, மற்றதற்குப் பிடிக்கவில்லை என்று கேட்டால் நான் மணிக்கணக்கில் பேசுவேன், இங்கே இடமில்லை. துளை வட்டமாக இல்லாமல் சாவித்துவாரம்போல் நீளமாக இருந்தால் மட்டும் உடனே நிறுத்துங்கள். சன்னம் நிமிர்ந்து பறக்கவில்லை என்று அதற்குப் பொருள். உங்கள் தாளில் ஐந்தும் நல்ல வட்டம்.

கடைசியாக, உங்கள் தோள். .30-06 உதைக்கும். உதைக்குப் பயந்து கண்ணை மூடி விசையை இழுப்பவர்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், முப்பது வருடம் வேட்டையாடியவர்களும் அதில் உண்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. நண்பரிடம் துவக்கைக் கொடுத்து, உங்களுக்குத் தெரியாமல் வெடிக்காத பயிற்சி ரவையையும் உண்மை ரவையையும் கலந்து போடச் சொல்லுங்கள். வெடிக்காத ரவை வரும்போது குழல்நுனி கீழே குத்துகிறதா என்று அவர் பார்க்கட்டும். குத்தினால் குறை துவக்கில் மட்டும் இல்லை. முன்கட்டையின் கீழே மணல்மூட்டை வையுங்கள், குழலின் கீழே ஒருபோதும் வைக்க வேண்டாம்.

எல்லாம் முடிந்த பிறகு 3 வெடி வைத்து, குழலைக் கை வைத்துப் பிடிக்கக்கூடிய அளவுக்கு ஆறவிட்டு, இன்னும் 3 வெடி. இப்படி மூன்று தாள். ஒரு தாளை நம்பாதீர்கள், மூன்று துளை யாருக்கும் ஒரு நாள் சேர்ந்து விழும். கூட்டம் ஒன்றானதும்தான் ஸ்கோப்பின் திருகியைத் தொட வேண்டும். ஐரோப்பிய ஸ்கோப் என்றால் பெரும்பாலும் ஒரு கிளிக்குக்கு 100 மீட்டரில் 1 செ.மீ. மாறும்.

பரீட்சைக்கு 30 பயிற்சி வெடி, பிறகு 100 மீட்டரில் 5 வெடியும் 30 செ.மீ. வட்டத்துக்குள். உங்கள் நெருப்புப்பெட்டிக் கூட்டத்துக்கு அது தாராளமான வட்டம். எல்க் வேட்டை பெரும்பாலும் செப்ரெம்பர் 25இல் தொடங்குகிறது. அதற்கு முன் குறை தீரவில்லை என்றால் இந்த வருடம் துவக்கில்லாமல் குழுவோடு போங்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்கிறேன் என்றால், எனக்குப் பதினொரு வயதில் வெல்லாவெளிப் பக்கம் எங்கள் வயல்வட்டையில் அப்பா பரணிலிருந்து ஒரு பன்றிக்கு வெடி வைத்தார். பின்னங்காலில் பட்டது. கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவத்து வேளாண்மைக்குள் அது கத்திக்கொண்டே ஓடியது. அப்பா ரோர்ச் லைற்றோடு விடியும் வரை வரம்பு வரம்பாகத் தேடினார், நான் பின்னால் நடந்தேன். கண்டுபிடித்து முடித்த பிறகுதான் வீட்டுக்கு வந்து சோறு சாப்பிட்டார். நோர்வேயில் எல்க் வேட்டைக்குப் போகும் குழுவுக்குக் காயப்பட்ட விலங்கைத் தேடப் பழகிய நாய் ஒன்று கைவசம் இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த நாய்க்கு உங்களால் வேலை வரக்கூடாது தம்பி. அடுத்த தாளையும் அனுப்புங்கள், இலக்கத்தோடு.

கேள்வி: ஐயா, திருக்கோவில் பக்கம் வயல் செய்கிறேன். அப்பாவின் பெயரிலிருந்து என் பெயருக்கு மாற்றிய 12 போர் ஒற்றைக் குழல் துவக்கு, பயிர்ப் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் இருக்கிறது. முன்பு 40 யார் (கெஜம்) தூரத்தில் பன்றி விழும் என்று அப்பா சொல்வார். இப்போது விழுவதில்லை. நுனி நசுங்கியதால் இரண்டு அங்குலம் வெட்டி எடுத்ததாக அம்மா சொல்கிறா. அதனாலா?

பதில்: அதனால்தான் மகன். இந்தத் துவக்குக்குப் புரி கிடையாது, உள்ளே வழவழப்பு. சன்னங்கள் கூட்டமாகப் போகும். அந்தக் கூட்டத்தை ஒடுக்குவது நுனியில் உள்ள சிறு ஒடுக்கம், அதைத்தான் சோக் என்பார்கள். அது குழலின் கடைசி இரண்டு, மூன்று அங்குலத்துக்குள்தான் இருக்கிறது. நுனியை வெட்டியபோது அதுவும் போய்விட்டது. முழுச் சோக் உள்ள குழல் 40 யாரில் 30 அங்குல வட்டத்துக்குள் ஏறக்குறைய 70 வீதம் சன்னத்தை வைக்கும். சோக் இல்லாத குழல் 40 வீதம்தான். மீதி உங்கள் வேளாண்மைக்குள் போகிறது.

இதைத் திருத்த யாரிடமும் கொண்டுபோகாதீர்கள். அனுமதிப்பத்திரமுள்ள துவக்கில் கண்டபடி கை வைத்தால் பிரச்சினை உங்கள் தலையில் விழும். அடுத்த தரம் புதுப்பிக்கப் போகும்போது மாவட்டச் செயலகத்தில் இதைச் சொல்லி என்ன வழி என்று கேளுங்கள். அது வரை பழைய பேப்பர்த் தாள்களை ஒட்டிப் பெரிதாக்கி, 20, 25, 30 யாரில் தலா ஒரு வெடி வைத்து, சன்னத்துக்குச் சன்னம் எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். தாளுக்குப் பின்னால் வரம்போ மண்மேடோ இருக்க வேண்டும், வீடு இருக்கக்கூடாது. எந்தத் தூரத்தில் ஒரு உள்ளங்கை வைக்கும் இடைவெளி வருகிறதோ, அதற்குக் கிட்டத்தான் உங்கள் எல்லை. பரணை பன்றி வரும் வழிக்குக் கிட்டக் கொண்டுபோங்கள்.

வேலிக்குக் கட்டுத் துவக்கு (கயிற்றில் இடறினால் தானாக வெடிக்கும் பொறி) வைக்கலாமா என்றும் கடைசி வரியில் கேட்டிருக்கிறீர்கள். வைக்க வேண்டாம். அதற்குப் பன்றி எது, விடியற்காலையில் தண்ணீர் பார்க்க வரும் வயல் வேலையாளான முல்லைக்காரன் எது என்று தெரியாது.

கேள்வி: கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் வீடு. துவக்கைத் தோல் உறைக்குள் போட்டுப் பத்திரமாகத்தான் வைக்கிறேன், ஆனாலும் துருப்பிடிக்கிறது. தேங்காயெண்ணெய் பூசலாமா?

பதில்: நானும் கல்லடிதான். துருப்பிடிக்க வைப்பதே அந்த உறைதான். தோல் ஈரத்தைக் குடித்து வைத்துக்கொண்டு இரும்புக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். உறையிலிருந்து எடுத்து, பூட்டுள்ள அலுமாரியில் காற்றுப்படும்படி வையுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், நாள்பட்டால் காறிப்போய்த் தூசியோடு பிசுபிசுக்கும். தையல் மெசின் எண்ணெய் நான்கு சொட்டைத் துணியில் விட்டு மெல்லியதாகத் துடைத்தால் போதும். கையால் தொட்ட இடமெல்லாம் தொட்ட அன்றே துடைக்க வேண்டும், விரல் வேர்வையிலும் உப்புத்தான். நுனி கீழே இருக்கும்படி சாய்த்து வையுங்கள், இல்லாவிட்டால் குழலில் பூசிய எண்ணெய் மெல்ல வடிந்து கட்டையின் மரத்துக்குள் இறங்கி, நாலைந்து வருடத்தில் ஆணி பிடிக்காத அளவுக்கு மரத்தை மெதுவாக்கிவிடும். அடுத்த தரம் வெடி வைக்க எடுக்கும்போது முதல் வேலையாகக் குழலுக்குள் காய்ந்த துணி ஒன்றை விட்டு எண்ணெயைத் துடைத்துவிடுங்கள்.